இடுப்பு மூட்டு தளர்ந்திருந்தால்: ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

(நமது சங்கத்தின் உடல்நலச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் இல்லை. பி.காம். படித்து, 35 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகளுக்கு 32 வயது. அவள் சில நாள் கைத்தடியோடு லிஃப்டில் வருவதையும், சில நாள் சாதாரணமாக நடப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவளுடைய சம்மதத்தோடுதான் பேசுகிறேன். இடுப்பு மூட்டில் ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா என்று இரண்டு வருடமாக அலைகிறோம். அதில் தெரிந்துகொண்டது உங்களில் யாருக்காவது உதவட்டும்.

மூட்டு வலி என்றாலே நமக்குத் தேய்மானம்தான் நினைவுக்கு வரும். "மூட்டு இறுகிப்போச்சு, நன்றாக நீட்டி மடக்கு" என்போம். சிலருக்குப் பிரச்சினை இதற்கு நேர் எதிர். மூட்டு அளவுக்கு மீறி வளைகிறது. எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் லிகமென்ட் என்ற நார்கள் பிறவியிலேயே நெகிழ்வாக இருக்கின்றன. இதை ஹைப்பர்மொபிலிட்டி என்கிறார்கள். இதோடு சேர்ந்த எலர்ஸ்-டான்லோஸ் என்ற நோய்த் தொகுதியை 2017-இல் 13 வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதிகம் காணப்படும் தளர்மூட்டு வகைக்கு உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனை கிடையாது. டாக்டர் கையால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சோதனைக்கு மொத்தம் 9 மதிப்பெண். சுண்டுவிரல் 90 டிகிரிக்கு மேல் பின்னால் வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் 10 டிகிரிக்கு மேல் பின்பக்கம் வளைகின்றனவா என்று வலது, இடது இரண்டிலும் பார்ப்பார்கள். இதற்கு 8. முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் 1. பெரியவர்களுக்கு 50 வயது வரை 5, அதற்கு மேல் 4 வந்தால் மூட்டுகள் தளர்வு என்று கொள்கிறார்கள். மதிப்பெண் வந்ததும் பயப்பட வேண்டாம். நன்றாக வளைந்தும் வலியே இல்லாதவர்கள் நிறைய பேர். வலியும் சேர்ந்து வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இனி இடுப்புக்கு வருகிறேன். அது கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்த மாதிரியான மூட்டு. பந்து நழுவாமல் மூன்று காவல்கள். கிண்ணத்தின் ஆழம் ஒன்று. விளிம்பில் இருக்கும் லேப்ரம் என்ற வளையமும், மூட்டைச் சுற்றிய உறையும் இரண்டாவது. தசைகள் மூன்றாவது. இரண்டாவது காவல் தளர்ந்தால் தசைகள் இரவு பகலாக வேலை பார்க்கின்றன. அதனால்தான் தளர்ந்த மூட்டுக்காரருக்கும் தொடையும் இடுப்பும் இறுகியது போலத் தோன்றும். இறுகியிருக்கிறதே என்று சுளுக்கு எடுப்பதும், பத்மாசனத்தில் அமுக்கி உட்கார வைப்பதும், நிற்கிற ஒரே காவல்காரனையும் வீட்டுக்கு அனுப்புவது போலத்தான்.

"களுக்" என்று சத்தம் கேட்டால் மூட்டு நழுவிவிட்டது என்று பதற வேண்டாம். பல சமயம் தொடையின் வெளிப்பக்கத் தசைப்பட்டை எலும்பின் மேல் உரசித் தாண்டுகிற சத்தம் அது. மூட்டு உண்மையிலேயே நழுவினால் காலை ஊன்றவே முடியாது. அப்போது நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சரி, ஆபரேஷன்? எந்தக் காவல் பழுது என்று தெரியாமல் அதைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. கிண்ணம் ஆழம் குறைவா என்பதை எக்ஸ்ரேயில் ஒரு கோணத்தை அளந்து சொல்கிறார்கள். 25 டிகிரிக்கு மேல் இருந்தால் பொதுவாகச் சரி. 20-க்குக் கீழே இருந்தால் ஆழம் குறைவு. நடுவில் இருப்பது எல்லைக்கோடு. டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுவது இங்கேதான். என் மகளுக்கு 22.

ஆழம் குறைவென்றால் கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டித் திருப்பி, ஸ்க்ரூ போட்டு நிறுத்தும் ஆபரேஷன் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டாக்டர் ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் 1984-இல் தொடங்கியது. பெரிய ஆபரேஷன், பல வாரம் ஊன்றுகோல் வேண்டும். லேப்ரம் கிழிந்திருந்தால் சிறு துளை வழியே சரி செய்யலாம். அதற்கு உறையைத் திறக்க வேண்டும். தளர்ந்த உடம்பில் அந்த உறையைத் திரும்ப நன்றாகத் தைத்து மூடாவிட்டால் மூட்டு இன்னும் தளரும். மூட்டு மாற்று, தேய்ந்துபோனவர்களுக்கு. தளர்ந்தவர்களுக்குப் புது மூட்டும் நழுவும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

எனக்குப் புரிந்தது இதுதான்: எலும்பின் வடிவத்தை டாக்டர் மாற்றலாம், உறையை இழுத்துத் தைக்கலாம். ஆனால் தைக்கிற துணி அதே நெகிழ்ந்த துணி. ஆகவே தசையைப் பலப்படுத்தும் வேலை ஆபரேஷன் செய்தாலும் உண்டு, செய்யாவிட்டாலும் உண்டு.

டாக்டரிடம் கேட்க நாங்கள் எழுதி வைத்திருக்கும் கேள்விகள்:

1. வலிக்குக் காரணம் எலும்பின் வடிவமா, கிழிசலா, தளர்வா?
2. தளர்ந்த மூட்டுக்காரர்களுக்கு இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
3. உறையைத் தைத்து மூடுவீர்களா?
4. செய்யாமல் ஆறு மாதம் பொறுத்தால் என்ன நஷ்டம்?
5. மயக்க மருந்து டாக்டருக்கு இந்த நோய் பற்றித் தெரியுமா? (சிலருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. மயக்கத்தில் கழுத்தையும் தோளையும் பார்த்துக் கையாள வேண்டும். புண் ஆறவும் நாளாகலாம்.)

ஒரு டாக்டர் சீக்கிரம் செய்துவிடலாம் என்றார். இன்னொருவர் ஆறு மாதம் பிசியோதெரபி செய்துவிட்டு வாருங்கள் என்றார். இப்போது நான்காவது மாதம். ஆரம்பத்தில் இடுப்பு சாயாமல் ஒற்றைக் காலில் 5 விநாடி நிற்க முடியாதவள், இப்போது 20 விநாடி நிற்கிறாள். வலி முழுதும் போகவில்லை. பழைய வங்கிப் பழக்கத்தில் நோட்டில் தேதி, செய்த வேலை, வலி என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த நோட்டைக் காட்டினால் அவர்களுக்கு நிறையப் புரிகிறது. முடிவை அவள்தான் எடுப்பாள். பாலிசி வருடம் முடிவதற்குள் செய்துவிடலாம் என்ற அவசரம் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கைத்தடி பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். நம் வளாகத்தில் பெரும்பாலோர் மாற்றித்தான் பிடிக்கிறோம்.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். படிக்கட்டின் இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். லிஃப்ட் பராமரிப்புக்கு முந்தைய நாளே அறிவிப்பு வேண்டும். லிஃப்ட் பக்கத்தில் கொஞ்சம் உயரமான ஒரு பெஞ்ச் வேண்டும். உங்களிடம் ஒன்றே ஒன்று: "நேற்று நன்றாகத்தானே நடந்தாய்?" என்று அவளைக் கேட்காதீர்கள். நேற்று நன்றாக நடந்ததும் உண்மை, இன்று முடியாததும் உண்மை.

யாருக்காவது விவரம் வேண்டுமானால் மாலை 5 மணிக்குப் பூங்காவில் இருப்பேன். நோட்டையும் கொண்டுவருகிறேன்.