வடிகட்டிய தண்ணீர்



1892ஆம் ஆண்டுக் கோடை. இந்த ஹம்பேர்க் நகரில் கொலரா வந்தது. 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒட்டியிருந்த அல்டோனா அன்று தனி நகரம். அங்கே நோய் பெரிதாகப் பரவவில்லை.

இரண்டு ஊரும் குடித்தது ஒரே எல்பே ஆற்றுத் தண்ணீர். அதிலும் அல்டோனாவுக்குப் போனது ஹம்பேர்க்கின் கழிவு கலந்த தண்ணீர். ஆனால், அவர்கள் அதை மணலில் வடிகட்டிக் கொடுத்தார்கள். ஹம்பேர்க் வடிகட்டவில்லை. செலவைப் பற்றிப் பல வருடம் பேசிக்கொண்டே இருந்தது.

டொக்டர்மார் இரண்டு பக்கமும் இருந்தார்கள். வித்தியாசம் நிர்வாகத்தில்தான்.

எங்கள் கல்யாண வீட்டைப் பாருங்கள். சமையல்காரர் கெட்டிக்காரர். ஆனால் இலை எத்தனை, தண்ணீர் எங்கே, முதல் பந்தி எப்போது என்று பார்க்க ஆள் இல்லாவிட்டால்? சோறு இருந்தும் சனம் பசியோடு நிற்கும். வைத்தியசாலையும் அப்படித்தான்.

அந்த நிர்வாக வேலைக்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. இதே நகரில் இருக்கிறது. பேர்கெடோர்ஃபில், ஹாவ் ஹம்பேர்க் உயர்கல்வி நிறுவனத்தில் சுகாதார அறிவியல் படிக்கலாம். நோய் எப்படிப் பரவுகிறது, அதைத் தடுக்கும் திட்டத்தை எப்படி நடத்துவது என்று கற்பிக்கிறார்கள். அரச நிறுவனம். படிப்புக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு பங்களிப்புத் தொகை மட்டும். தாதியாக வேலை செய்துகொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்கு, ஹம்பேர்க் தொலைக்கல்வி நிறுவனத்தில் சுகாதார, சமூக முகாமைத்துவப் பட்டம் உண்டு. அதற்குக் கட்டணம் உண்டு.

மருத்துவபீடம் கிடைக்கவில்லை என்று ஒரு பிள்ளை வீட்டில் முகம் வாடி இருந்தால், இன்று தேநீர் குடிக்கும்போது அந்த அல்டோனா கதையைச் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் எஸ்-பான் ரயிலில் ஏறி, பேர்கெடோர்ஃப் வரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.