கழிப்பதும் காப்பதும்



தைப்பொங்கல் நெருங்கிவிட்டால் வீட்டை ஒதுக்கித் துப்புரவாக்குவது நம்மவர் வழக்கம். அப்பொழுதெல்லாம் படித்தவர் வாயில் நன்னூலின் நிறைவுச் சூத்திரம் தானாகவே வந்துவிடும். பழையவை போவதும் புதியவை வருவதும் பற்றிய சூத்திரம் அது. ஒடிந்த கதிரையை வெளியே எறிவதற்கும் அதையே சொல்கிறோம், பாட்டனாரின் ஏட்டுக்கட்டை எறிவதற்கும் அதையே சொல்கிறோம். ஆனால், பவணந்தி முனிவர் அங்கே பேசியது மொழி வழக்கைப் பற்றி. காலத்தின் போக்கில் இப்படி நிகழ்ந்தால் அது குற்றமாகாது என்ற அளவிலேயே அவர் நின்றார். கழித்தே தீருங்கள் என்று அவர் யாருக்கும் கட்டளையிடவில்லை. எதைக் கழிப்பது, எதைக் காப்பது என்ற பொறுப்பை நம்மிடமே விட்டுவிட்டார்.

அந்தப் பொறுப்பு எவ்வளவு பாரமானது என்பதை, வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் தரம் பிரிக்க உட்காருபவர் நன்கு அறிவார். தம்பலகாமத்தில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு றங்குப் பெட்டி உண்டு. அதனோடு இரண்டு கடதாசிப் பெட்டிகளும் சேர்ந்துகொண்டன. தந்தையார் தேடி வைத்தவை பாதி, நான் சேர்த்தவை மீதி. 1990இல் ஊரே இடம்பெயர்ந்தபோது அயலவர் ஒருவரின் பரணில் தங்கித் தப்பி வந்த பெட்டி அது. "இஞ்சாருங்கோ, போட்டுக் கேக்க மெசினும் இல்லை. பிறகு ஏன் இந்தப் பெட்டி?" என்பது மனைவியின் கேள்வி. "எல்லாம் போனிலயே இருக்குத்தானே அப்பா" என்பது மகளின் தீர்ப்பு. இரண்டும் நியாயமானவைதான். ஆகையால், அந்தப் பெட்டிகளைத் திறந்து, அவர்கள் சொல்வது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

அடியில் இருப்பவை கிராமபோன் தட்டுகள். அரக்குப் பூச்சியின் பிசினைக் கல்தூளோடு கலந்து செய்த கறுப்புத் தட்டுகள். நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டென்றால் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். கைதவறி விழுந்தால் மண்சட்டி போல உடையும். நமது இசைக்கு இந்த மூன்று நிமிடம் ஒரு பெரிய கட்டுப்பாடாயிற்று. கோயில் வீதியில் மணிக்கணக்காக இராகத்தை விரித்த வித்துவான்கள், தட்டுக்காக அதைச் சுருக்கிச் சாறு பிழிய வேண்டியிருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நாகஸ்வரத் தட்டு மூலம் தமிழர் வீடுகளுக்குள் நுழைந்தது அப்படித்தான். எம். கே. தியாகராஜ பாகவதரும் கே. பி. சுந்தராம்பாளும் அவ்வாறே வந்தார்கள். 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தின் பாடல்கள் தட்டிலேறி ஊர் ஊராகச் சுற்றின. கலியாண வீட்டில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால் முதலில் ஒலித்தவை இவைதாம்.

இந்தத் தட்டுகளை எறியலாமா? இவற்றிலுள்ள பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று எவர் கைத்தொலைபேசியிலும் கிடைக்கின்றன. கீறல் நீக்கித் துலக்கப்பட்டும் கிடைக்கின்றன. இங்கே மகளின் பேச்சு முக்கால்வாசி சரி. தட்டை ஒரு பண்டமாக விரும்புவோர் இருந்தால் அவர்களிடம் கொடுப்பதில் குறைவொன்றுமில்லை. பாட்டு நம்மோடு அழிந்துபோகாது என்ற நிம்மதி உண்டு.

அதற்கு மேலே இருப்பவை கசெற்றுகள். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ் செய்த இந்தச் சிறு பெட்டி, கேட்பவனையே பதிவு செய்பவனாகவும் ஆக்கியது. அதுவரை ஒரு குரலைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் கொம்பனிக்காரருக்கும் வானொலி நிலையத்துக்கும் முடிந்த காரியம். அது நம் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. அறுபது நிமிடக் கசெற்றில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். தொண்ணூறு நிமிடக் கசெற்றில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து.

அந்த நாட்களில் எமக்குப் பாட்டுத் தந்தது இலங்கை வானொலி. கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு அது. 1950இல் வர்த்தக சேவை வந்தது. 1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாயிற்று. இந்திய அரசின் வானொலி 1952 முதல் சில ஆண்டுகள் திரைப்பாடலை ஒதுக்கி வைத்திருந்தபோது, இந்தியர்களே கொழும்பைத் திருப்பிக் கேட்டார்கள். தமிழகத்தில் மயில்வாகனனின் குரலை அறியாத வீடு குறைவு. பின்னர் கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் என்று அந்த வரிசை நீண்டது. அந்தக் காலத்தில் கொழும்பு நிலையத்தில் சேர்ந்த இசைத்தட்டுக் களஞ்சியத்தில், இந்தியாவில் தேடியும் அகப்படாத பழைய இந்தியப் பாடல்களும் உண்டு. ஒருவர் வேண்டாமென்று ஒதுக்கியதை இன்னொருவர் காத்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வீட்டில் நாங்கள் பாட்டுப் பிடித்த விதம் உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். ரேப் ரெக்கோடரின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்போம். அறிவிப்பாளர் பேச்சை முடிக்க வேண்டும், பாட்டுத் தொடங்க வேண்டும், அந்த நொடியில் பொத்தான் அமுங்க வேண்டும். பாட்டு மட்டுமே வேண்டும், பேச்சு வேண்டாம். ஆனாலும், விரல் சற்று முந்திவிடும், அல்லது பிந்திவிடும். அறிவிப்பின் பாதி வசனம் உள்ளே வந்துவிடும். பாட்டை விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயரும் ஊரும் வந்துவிடும்: கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், சம்பூர், ஏறாவூர். நேரம் சொல்வதும், சவர்க்கார விளம்பரத்தின் வாலும் வந்துவிடும்.

இப்பொழுது அந்தக் கசெற்றுகளைத் தரம் பிரிக்கையில் மதிப்பு தலைகீழாக மாறிக் கிடப்பதைக் காண்கிறேன். நாங்கள் விரும்பிப் பிடித்த திரைப்பாடல் உலகெங்கும் கிடைக்கிறது. வேண்டாமென்று வெட்டப் பார்த்த அந்த அரை வசனமோ வேறெங்கும் இல்லை. ஒரு மாலைப்பொழுதில் வானில் போய் மறைந்த குரல் அது. எங்கள் வீட்டு நாடாவில் மட்டும் ஒட்டிக்கொண்டது. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்ட அந்தப் பெயர்ப் பட்டியல், நமது மாவட்டத்தின் ஒரு காலத்தைப் பற்றிய சாசனமும் ஆகும்.

நம்மவர் பாடிய மெல்லிசைப் பாடல்களின் கதையும் இதுவே. ஈழத்துக் கவிஞர்கள் எழுத, ஈழத்து இசையமைப்பாளர்கள் இசையமைக்க, ஈழத்துப் பாடகர்கள் பாடிய பாடல்கள் இலங்கை வானொலியில் ஒலித்தன. எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் அதற்காக உழைத்தார்கள். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையால் கடல் கடந்தும் பெயர் பெற்றார்கள். எங்கள் திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் எழுந்தார்கள். இவர்களின் சில பாடல்கள் தட்டாக வெளிவந்தன. ஆனால், வானொலியில் ஒருமுறை இருமுறை ஒலித்ததோடு நின்ற மெல்லிசைப் பாடல்கள் பல. அவற்றை யாராவது ஒரு நேயர் தம் வீட்டில் பிடித்து வைத்திருந்தால் அதுவே இன்று பிரதியாகக் கூடும்.

ஆக, தரம் பிரிப்பதற்கு எனக்கு ஒரு சிறு அளவுகோல் கிடைத்தது. 'இது எனக்குப் பிடிக்குமா?' என்று கேட்டால் எதையும் எறிய மனம் வராது. 'இதைப் போட்டுக் கேட்க வசதி உண்டா?' என்று கேட்டால் எல்லாவற்றையும் எறிய வேண்டி வரும். 'இது வேறெங்காவது இருக்கிறதா?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கேள்வியோடு இருநூறுக்கு மேற்பட்ட கசெற்றுகளைப் பார்த்தபோது, கடையில் வாங்கியவையும் ரெக்கோடிங் கடையில் அடித்தவையும் ஒரு பக்கம் போயின. மறுபக்கம் நின்றவை பதினொன்று.

அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'களம்' என்று பென்சிலால் எழுதிய கசெற் அது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளி எங்கள் ஊர். நெல்லை வெட்டிச் சூடு வைத்து, பின்பு களத்தில் பரப்பி, மாடுகளைச் சுற்றி வளைத்து மிதிப்பார்கள். பெரும்பாலும் இரவிலே நடக்கும் வேலை. மாட்டுக்கும் தூக்கம், மனிதனுக்கும் தூக்கம். அதை ஓட்டுவதற்குப் பாட்டு உண்டு; பொலி பெருக வேண்டுமென்ற வேண்டுதலும் அதில் உண்டு. களத்துக்குள் நின்றால் சில சொற்களைச் சொல்லக் கூடாது. அவற்றுக்கு மாற்றாக வேறு சொற்கள் உண்டு. எங்கள் அயலில் இருந்த முதியவர் ஒருவரைப் பாயில் இருத்தி, தந்தையார் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிப் பிடித்திருக்கிறார். முதியவர் இருமுகிறார், வெற்றிலை துப்பப் போகிறார், "மாடில்லாமல் எப்படித் தம்பி பாடுறது?" என்று சிரிக்கிறார், பின்பு பாடுகிறார்.

"மாடில்லாமல் எப்படிப் பாடுவது" என்ற அந்த வேடிக்கைப் பேச்சில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. தொழிற் பாட்டு தொழிலோடு பிறந்தது. உழவு இயந்திரம் சூட்டை மிதிக்கத் தொடங்கியதும் பாட்டின் வேலை குறைந்தது. வெட்டுவதையும் அடிப்பதையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் இயந்திரம் வயலுக்குள் இறங்கியதும் பாட்டுக்கு வேலையே இல்லாமற் போயிற்று. இதற்காக இயந்திரத்தை நோவதில் பயனில்லை. முதுகு முறிய உழைத்தவர்களுக்கு அது ஆறுதல் தந்தது. பவணந்தியார் சொன்ன காலத்தின் போக்கு இதுதான். ஆயினும், அந்தத் தொழில் மறைந்தது, பாடியவரும் மறைந்தார், பாட்டு ஒரு நாடாவில் இருக்கிறது என்றால், அதை வைத்திருப்பவர் வெறும் வீட்டுக்காரர் மட்டுமல்லர். ஓர் ஊரின் பொருளுக்குக் காவலர்.

ஒலி ஒருமுறை போய்விட்டால் அதை மீட்பது எவ்வளவு அரிது என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழின் அமைப்பும் பண் பிறக்கும் முறையும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. சொல் இருக்கிறது, உரை இருக்கிறது, யாழ் இல்லை. அதன் ஓசை இல்லை. திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த சுவாமி விபுலானந்தர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, கணித முறையால் அந்தப் பழைய இசையின் இலக்கணத்தைத் தேடினார். 1947இல் 'யாழ்நூல்' அரங்கேறியது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். ஒரு பேரறிஞரின் வாழ்நாள் உழைப்பு ஓர் ஓசையைத் தேடுவதிலே சென்றது. அவருக்கு ஒரு நிமிடப் பதிவு கிடைத்திருந்தால்! நம்மிடமோ மணிக்கணக்கில் பதிவுகள் இருக்கின்றன. போத்தல்காரர் படலையடியில் நின்று கூப்பிடுகிறார்.

காப்பது என்றால் பூட்டி வைப்பது என்று நாம் நினைக்கிறோம். இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்துக் கதையொன்று பொருந்தும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் திருக்கோணேஸ்வரத்தை இடித்தபோது, அடியார்கள் சில திருவுருவங்களை மண்ணில் மறைத்தார்கள். தம்பலகாமத்து ஆதிகோணேஸ்வரமும் அந்த அழிவுக்குப் பின்னர் எழுந்ததே. 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது அந்த வெண்கலத் திருவுருவங்களிற் சில வெளிப்பட்டன. முந்நூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் வெண்கலம் பொறுத்தது. ஒலிநாடா அப்படிப் பொறுக்காது. மெல்லிய பிளாஸ்ரிக் நாடாவில் இரும்பு ஒட்சைட்டுத் தூளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். நமது கடலோரத்து ஈரக்காற்றில் அந்தப் பசை இளகும், பூஞ்சணம் பிடிக்கும், தூள் உதிரும். தூளோடு குரலும் உதிர்ந்துவிடும். பெட்டியைப் பத்திரமாகப் பூட்டியவர் திறக்கும்போது நாடா இருக்கும், பாட்டு இராது.

ஆகவே, இத்தகைய கசெற் உங்கள் வீட்டில் இருந்தால் சில காரியங்களைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். கசெற்றின் மேல் விளிம்பிலுள்ள இரு சிறு தகடுகளையும் முறித்துவிடுங்கள். அதன்மேல் எவரும் வேறு பாட்டுப் பிடிக்க முடியாது. பூஞ்சணம் தெரிந்தால் எடுத்த எடுப்பில் போட்டுப் பார்க்க வேண்டாம், பழக்கமுள்ளவரிடம் காட்டுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகே வையாதீர்கள். அதிலுள்ள காந்தம் நாடாவுக்குப் பகை. நல்ல ரேப் ரெக்கோடரைத் தேடி, ஒருமுறை ஓடவிட்டுக் கணினியில் பிரதி எடுங்கள். பிரதி இரண்டு இருக்கட்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். போரும், 1986இல் கந்தளாய் அணை உடைந்த வெள்ளமும், 2004இல் ஆழிப்பேரலையும் கண்ட மாவட்டத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம முயற்சிகள் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்க்கின்றன. அவர்களிடமும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

எல்லாவற்றிலும் அவசரமான வேலை ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பெரியவர்களை அருகில் இருத்தி, அந்தப் பதிவைக் கேட்கச் செய்யுங்கள். பாடுபவர் யார், எந்த இடம், எந்த ஆண்டு, பின்னால் சிரிப்பவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். நாடா பழுதானாலும் கெட்டிக்காரர் கையில் அது ஓரளவு தேறும். குரலுக்கு உரியவரின் பெயரை அறிந்த கடைசி மனிதர் போய்விட்டால், அந்தப் பெயரை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது.

மீதிக் கசெற்றுகளைத் தாராளமாகக் கழியுங்கள், நேயர்களே. வீட்டில் இடம் வேண்டும். பிள்ளைகளின் புத்தகத்துக்கு அலுமாரி வேண்டும். எங்கும் கிடைப்பது போகட்டும். உங்கள் வீட்டில் மட்டும் இருப்பதைப் பொங்கலுக்கு முன் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.