வீடு பார்க்க ஆள் வருமுன்

பாகான் நக்கோடா ஓமார், சுங்கை பெசார், சபாக் பகுதிகளில் விற்பனைக்கு வரும் வீடுகளில் பல, பெற்றோர் வாழ்ந்த வீடுகள். பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் குடிபோய்விட, வீடு பூட்டியே கிடக்கும். அதற்குச் சாயம் பூசுவதற்கு முன் நிலப்பட்டா யார் பெயரில் உள்ளது என்று பார்க்க வேண்டும். மறைந்த தந்தையின் பெயரிலேயே இருந்தால், வருபவருக்கு வீடு எவ்வளவு பிடித்தாலும் விற்பனை நகராது. உயில் எழுதப்படாத சிறு சொத்தானால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ் வாரிசுகள் மனு செய்ய வேண்டியிருக்கும். நிலம் மலாய் ஒதுக்கீட்டு நிலமா, குத்தகை நிலமா, விற்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா என்பதும் பட்டாவிலேயே தெரியும். நில வரி, மதிப்பீட்டு வரி ரசீதுகளை அதனுடன் ஒரே கோப்பில் வைப்பது நல்லது.

அடுத்து, வீட்டின் உடல்நிலை. இது கடலோரக் களிமண் பூமி. தாமான் வரிசை வீடுகளில் முதலில் கட்டிய பகுதி பைலிங் அடித்து நிற்கும். பின்னால் ஒட்டிக் கட்டிய அடுப்படி பெரும்பாலும் வெறும் மண்மேல் நிற்கும். களிமண் அமுங்க அமுங்க அடுப்படி தனியாக இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் சாய்வாக விரிசல் விழும். அதில் சிமெண்டை அப்பிச் சாயம் பூசுவது வீண் செலவு. மண் இறங்கிக்கொண்டிருக்கும் வரை அதே கோடு மறுபடி தெரியும். அனுபவமுள்ள குத்தகையாளரிடம் காட்டி, இறக்கம் நின்றுவிட்டதா என்று கேட்ட பிறகே சீர்செய்ய வேண்டும். அந்த அடுப்படிக்கு மாவட்ட மன்றத்தின் அனுமதி பெற்ற வரைபடம் இருந்தால் அதையும் தேடி எடுக்க வேண்டும். அனுமதியில்லாத கட்டடத்தை வங்கி மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடும். அப்போது வாங்குபவரின் கடன் தொகை குறையும்.

உப்புக் காற்றில் ஜிங்க் கூரையின் ஆணிகளும் சன்னல் கம்பிகளும் துருவேறும். கூரை ஒழுக்கை அடைத்த பிறகே கறைபட்ட சீலிங் பலகையை மாற்ற வேண்டும். கம்பிகளின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே சாயம். பலகை வீடானால் தூண்களின் அடியில் கரையான் தடம் உண்டா என்று தட்டிப் பார்ப்பது அவசியம்.

பூட்டிக் கிடந்த வீட்டில் கழிவுநீர்க் குழாய் வளைவுகளில் நிற்கும் தண்ணீர் வற்றி, துர்நாற்றம் வீட்டுக்குள் ஏறும். முதல் நாளே ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் அடங்கிவிடும். பைப்பைத் திறந்து துருத் தண்ணீர் போகும்வரை ஓடவிட வேண்டும். மின்சாரத்தை வெட்டிவிடக் கூடாது. வருபவர்கள் விசிறியைப் போட்டுப் பார்ப்பார்கள். பூந்தொட்டி, கூரைத் தகரக் கால்வாய் எதிலும் தண்ணீர் தேங்கக் கூடாது. கொசு மொய்க்கும் வீட்டில் யாரும் நிற்க மாட்டார்கள்.

சாமி மேடையை எடுக்கத் தேவையில்லை. அதற்கு மேலே சுவரில் படிந்த விளக்குக் கரியைக் கழுவினால் போதும். பெட்டிகளையும் பழைய மெத்தைகளையும் அகற்றினாலே அறை பெரிதாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் அழைப்பது பொருத்தமாக இருக்கும். வெளிச்சம் நன்றாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. அன்று கருவாடு பொரிக்க வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு வருபவர்களின் காலுக்குத் தரை கழுவி உலர்ந்திருக்க வேண்டும். நகையும் அசல் பட்டாவும் வீட்டில் இருக்கக் கூடாது. பார்க்க நகல் போதும்.

இந்தக் கரையோரத்தில் வருபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கடல் பெருக்கிலும் கனமழையிலும் தண்ணீர் எதுவரை வந்தது? சுவரில் தடம் இருந்தால் அதைக் காட்டிச் சொல்வதே நேர்மை. மறைத்தாலும் பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார்கள், அதன்பின் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள்.

முகவர் வழியாக விற்பவர்கள், அவர் சொத்து முகவர்களுக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற நிறுவனத்தைச் சேர்ந்தவரா என்று அடையாள எண்ணைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். வீட்டின் மதிப்பைக் கூட்டிய செலவுகளின் ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால், சொத்து ஆதாய வரிக் கணக்கில் அவற்றைக் கழிக்கலாம். வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி. ஆறாம் ஆண்டிலிருந்து மலேசியக் குடிமக்களுக்கு அந்த வரி இல்லை.