கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீல்

(கடை, மனை, நிலம் வாங்குவோர், விற்போர், குத்தகைக்கு விடுவோருக்காக நடந்த ஆலோசனைக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)

 

படிப்பு உதவி, மருத்துவ உதவி என்று நம்மை நாடி வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும்போது, அவர்களுடைய கஷ்டத்தின் அடியில் சில வேளை ஒரு பத்திரம் இருக்கக் காண்கிறோம். வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணம் ஒரு கடையில் மாட்டிக்கொண்டிருக்கும். வாப்பா விட்டுப்போன மனை வழக்கில் கிடக்கும். அந்தக் குடும்பத்துக்கு நாம் மாதாமாதம் அரிசி கொடுக்கலாம். மாட்டிய பணத்தை மீட்டுக் கொடுக்க நம்மால் முடியாது. அதனால்தான் மாட்டுவதற்கு முன்பே பேசிவிடலாம் என்று இந்தக் கூட்டத்தைக் கூட்டினோம். சொல்ல வந்தது ஒன்றுதான்: அட்வான்ஸ் கொடுப்பதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் முன், நமக்கென்று ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும்.

நம் வட்டாரம் முன்பு போல் இல்லை. கரிசல் காடு, உடைமரக் காடு என்று கேட்பாரற்றுக் கிடந்த நிலங்களைத் தேடிக் காற்றாலைக்காரர்களும் சோலார் கம்பெனிகளும் வருகிறார்கள். சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றிக் கிடங்குகள் பெருகுகின்றன. இவர்களில் யாரும் வக்கீல் இல்லாமல் ஒரு சென்ட் நிலத்தைக்கூடத் தொடுவதில்லை. சென்னையிலும் மும்பையிலும் சொத்து விவகாரத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய சட்ட நிறுவனங்கள் அவர்களுக்காகப் பத்திரங்களை அலசுகின்றன. ஒப்பந்தத்தை அவர்களே ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். நாமோ தரகர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அவர்கள் பக்கம் வக்கீல் இருக்கிறார். நம் பக்கம் யார் இருக்கிறார்?

“பத்திர எழுத்தர் இருக்கிறாரே” என்பார்கள். அவர் நாம் சொன்னதைப் பத்திரமாக எழுதித் தருபவர். விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று ஆராய்வது அவர் வேலை ஆகாது. “பேங்க் வக்கீல் பார்த்துவிட்டார்” என்பார்கள். கட்டணம் நம் கையிலிருந்து போனாலும், அவர் அறிக்கை கொடுப்பது வங்கிக்கு. வங்கிக்கு அது கொடுக்கும் கடன் திரும்பினால் போதும். நமக்கு முழுச் சொத்தும் நிலைக்க வேண்டும். தரகருக்கோ கிரயம் முடிந்தால்தான் கமிஷன்.

“சர்க்கார் ஆபீஸிலேயே பதிந்தாகிவிட்டது, இனி என்ன?” என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2025 ஏப்ரலில், நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் அதிகாரத்தில் இல்லை என்றது அந்தத் தீர்ப்பு. முறைப்படி எழுதி, தீர்வையும் கட்டணமும் கட்டினால் அவர் பதிந்து கொடுக்க வேண்டும் என்றும் அது சொன்னது. விற்பவருக்கு இல்லாத உரிமையைப் பதிவு நமக்குக் கொடுத்துவிடாது.

அடுத்து வில்லங்கச் சான்று. இன்று அதைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம், நல்லது. ஆனால் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும். ஒருவர் மவுத்தானால் அவருடைய சொத்து அந்த நேரமே வாரிசுகளுக்குச் சேர்கிறது; அது வில்லங்கச் சான்றில் வராது. வாய்மொழியாகச் செய்த ஹிபா வராது. கொடுப்பவர் சொல்லி, வாங்குபவர் ஏற்று, சொத்து கைமாறிவிட்டால் ஹிபா செல்லும். அதை எழுதி வைத்தாலும் பதிவு கட்டாயமில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஆக, நம் சமுதாயத்தாரின் சொத்தில் வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலும் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒருவர் கடன் ஏதும் இல்லாமல் மவுத்தாகிறார். பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். விட்டுப்போனது 32 லட்ச ரூபாய் பெறுமான ஒரு கடை. மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 4 லட்சம். மீதி 28 லட்சத்தில் மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7 லட்சம். மகள்களுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்று சொல்லி, உம்மாவும் மகனும் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கடையை விற்கிறார்கள் என்று வையுங்கள். வாங்கியவர் 32 லட்சம் கொடுத்து 18 லட்சத்துக்கு உரிய பங்கைத்தான் வாங்கியிருக்கிறார். கல்யாணத்தில் போட்ட நகை வாரிசுரிமையை அழிக்காது. இதில் வாங்கியவருக்கு மட்டுமா நஷ்டம்? அந்த இரண்டு பெண்மக்களின் ஹக்கும் போகிறது. நாளை கேட்கப்படும் அமானத் இது.

மகள்களில் ஒருத்தி 18 வயதுக்கு உட்பட்டவள் என்றால் சிக்கல் இன்னும் கூடும். முஸ்லிம் தனியார் சட்டப்படி, மைனரின் சொத்துக்குப் பாதுகாவலர் தகப்பனார். அவருக்குப் பின் அவர் உயிலில் நியமித்தவர், தகப்பனாரின் தகப்பனார், அவர் நியமித்தவர். இவர்கள் யாரும் இல்லையென்றால் நீதிமன்றம் நியமிப்பவர். பெற்ற உம்மாவே ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனரின் பங்கை விற்றால் அந்த விற்பனை செல்லாது. பிள்ளை வளர்ந்து வந்து தன் பங்கைக் கேட்கலாம். 1890-ம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்குவதுதான் வழி. இதைச் சொல்லத் தரகருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார். நல்ல சிவில் வக்கீல் வாரிசுச் சான்றைப் பார்த்த உடனே கேட்கும் கேள்வி இது.

பவர் பத்திரத்தை நம்பி வாங்குவதும் அப்படித்தான். பவரை வாங்கி வைத்துக்கொள்வது கிரயம் ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்துவிடும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடக் கேட்காமல் பணம் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வாடகைக் கடைக்கு வருவோம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்பதால், 11 மாதத்துக்கு எழுதிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் நகர்ப்பகுதிகளுக்கு 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. கடை வாடகையானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தூத்துக்குடியில் கடை பிடித்து, லட்சக்கணக்கில் அலமாரியும் ஏசியும் போடுகிற நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிலத்தைக் கம்பெனிக்கு விடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 25, 30 வருடக் குத்தகை என்றால் அது நம் பேரப்பிள்ளைகளையும் கட்டும். வாடகை எத்தனை வருடத்துக்கு ஒரு முறை கூடும்? கம்பெனி கைமாறினால் யாரிடம் கேட்பது? நம் நிலத்தின் பேரில் அவர்கள் கடன் வாங்கலாமா? முடிவில் இரும்பையும் கான்கிரீட்டையும் அகற்றித் தருவது யார் செலவு? வழக்கு வந்தால் தூத்துக்குடியில் நடக்குமா, தூரத்து ஊரிலா? இந்தக் கேள்விகளுக்கு ஒப்பந்தத்தில் என்ன பதில் எழுதியிருக்கிறது என்று ஒருவர் நமக்குத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? தூத்துக்குடியிலும் கோவில்பட்டியிலும் திருநெல்வேலியிலும் பெரும்பாலும் ஒரு சீனியரும் சில ஜூனியர்களும் இருக்கும் சிறிய அலுவலகங்கள்தான். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எந்தக் கிராமத்தில் எந்தக் குடும்பச் சொத்து எப்படிப் பிரிந்தது, எது புறம்போக்கு, எது வக்ஃபு, எது பஞ்சமி நிலம் என்பது உள்ளூர் சிவில் வக்கீலுக்குத் தெரிந்த அளவு சென்னைக்காரருக்குத் தெரியாது. பெரிய கம்பெனி ஒப்பந்தம் என்றால், மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வேலை செய்யும் அனுபவசாலி ஒருவரையும் அவர் மூலமாகவே கேட்டுக்கொள்ளலாம். 2004 முதல் அந்தக் கிளை நம் மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான் இயங்குகிறது.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே போர்டையும் போஸ்டரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. விசாரித்துத்தான் போக வேண்டும். போனால் கூச்சப்படாமல் கேளுங்கள். சொத்து வழக்குகள் நடத்துகிறீர்களா? விற்பவருக்கோ அந்தக் கம்பெனிக்கோ நீங்கள் ஆஜராகிறீர்களா? கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா? அவருடைய கருத்தை எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்த ஆவணத்தை, எத்தனை வருடத்துக்குப் பார்த்தார் என்பது அதில் இருக்க வேண்டும். 30 வருடமாவது பார்ப்பது நல்லது. ஜெராக்ஸ் கொடுங்கள், அசலைக் கொடுக்க நேர்ந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஜெயித்தால் சொத்தில் பங்கு கொடு என்று கேட்பவரிடம் போகாதீர்கள். அதையும் விதி தடுக்கிறது.

செலவுக்கு அஞ்சுகிறோம். நாம் சொன்ன அந்த 32 லட்சக் கடைக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம், அதாவது 2 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய். அதைக் கட்டத் தயாராக இருக்கிற நாம், வக்கீல் கட்டணத்தில் மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே அங்கு இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கடைசியாக ஒரு பேச்சு. “நம்ம ஜமாஅத்துக்காரர்தானே, நம்ம மாமன் மச்சான்தானே, வக்கீலைக் கூட்டிப்போனால் சந்தேகப்பட்டது மாதிரி ஆகாதா?” என்கிறார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282-வது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். அது இறங்கியது ஒருவரையொருவர் நேசித்த மூமின்களுக்கு. எழுதிக்கொள்வது சந்தேகம் என்றால் அவர்களுக்கு ஏன் அந்தக் கட்டளை?

நம் ஓட்டப்பிடாரத்து மண்ணையே பாருங்கள். வ.உ. சிதம்பரனார் இங்கே பிறந்து, இங்கேயே வக்கீல் தொழிலைத் தொடங்கியவர். அவருடைய தகப்பனாரும் வக்கீல். 1906 அக்டோபர் 16-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானபோது, ஹாஜி முகமது பக்கீர் சேட் 25 ரூபாய்ப் பங்குகள் 8,000 வாங்கி 2 லட்ச ரூபாய் தந்தார். மொத்த மூலதனம் 10 லட்சம். அதில் ஐந்தில் ஒரு பங்கு அவருடையது. வெள்ளைக்காரனை எதிர்த்து ஒரே மனதாக நின்றவர்கள். அவர்களும் கம்பெனிச் சட்டப்படி பதிந்து, பங்கு எழுதி, சட்ட ஆலோசகர்களை வைத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். நம்பிக்கையும் இருந்தது, எழுத்தும் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் பெட்டியில் இருக்கும் பத்திரக் கட்டை எடுத்துப் பாருங்கள். மூலப்பத்திரம் இருக்கிறதா, பட்டா இன்னும் மவுத்தானவர் பெயரில் இருக்கிறதா, எந்தச் சகோதரியின் பங்கு இன்னும் கொடுபடாமல் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு வக்கீலிடம் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஹலாலாகச் சம்பாதித்ததை ஹலாலாகக் காத்து, உரியவர்களின் ஹக்கை உரியவர்களுக்குக் கொடுக்கிற தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.