சுவரில் ஒரு மாதா கூடு

பலர்மோவுக்கு வந்த புதிதில் பல்லரோ சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தோம். வாசலுக்கு மேலே சுவரைக் குடைந்து ஒரு கூடு. கண்ணாடிக்குப் பின்னால் மாதா சுருவம், காகிதப் பூ, ஒரு சின்ன மின்குமிழ். உடுப்புக் காயப்போடக் கயிறு கட்டலாம் என்று நான் அதன் விளிம்பில் ஆணி அடிக்கத் தொடங்கினேன். எதிர்வீட்டு நொன்னா யன்னலால் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பிப் பார்த்தது. அப்போது எனக்கு மொழி தெரியாது. ஏச்சு விழுகிறது என்பது மட்டும் விளங்கியது.

அவ ஏசியதில் நியாயம் இருந்தது என்பதைக் கன காலத்துக்குப் பிறகே அறிந்தேன். கட்டடச் சுவரில் உள்ள கூடு, ஓவியம், குடும்பச் சின்னம், கல்வெட்டு எதையும் அனுமதியில்லாமல் கழற்றக்கூடாது என்று 1939ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2004ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டக்கோவையின் 11ஆம், 50ஆம் பிரிவுகளும் அதைத்தான் சொல்கின்றன. வீட்டுச் சொந்தக்காரருக்கும் இதே விதிதான். வீடு மாளிகையாக இருக்கவேண்டும் என்றும் இல்லை.

மாளிகை பார்க்க விரும்பினால் அல்லோரோ தெருவுக்குப் போங்கள். பலாஸ்ஸோ அபத்தெல்லிஸ், துறைமுக அதிகாரி ஒருவருக்காக 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் மத்தேயோ கார்னிலிவாரி கட்டியது. பிறகு கன்னியர் மடமானது. 1943 குண்டுவீச்சில் இடிந்ததைத் திருத்தி, 1954இல் ஓவியக்கூடமாகத் திறந்தார்கள். அதே குண்டுகள் ஏழைகளின் வீடுகளிலும் விழுந்தன. அவற்றைத் திருத்த ஆளில்லை. சனம் புறநகருக்குப் போனது. விட்டுப்போன வீடுகள்தான் எங்களுக்கு மலிவாகக் கிடைத்தன. நாங்களும் குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள்தானே.

நொன்னா இப்போது இல்லை. குமிழ் எரிந்துபோனால் என் மனைவிதான் மாற்றுவா. ஊரில் ஒழுங்கை முடக்கு வைரவருக்கு விளக்கு வைத்த கை அது. சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மலையேறும் எங்கள் சைவச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போன மாதம் சுவர் பூச வந்தவர்கள், கூட்டை அடைத்துவிட்டால் வேலை சுகம் என்றார்கள். நான் கீழே இறங்கிப் போய், "அனுமதிக் கடிதம் எங்கே?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூட்டைச் சுற்றிப் பூசிவிட்டுப் போனார்கள்.

உங்கள் சுவரிலும் கூடு இருந்து யாராவது கை வைத்தால், படம் எடுத்துக்கொண்டு சொப்ரின்தெந்த்ஸா அலுவலகத்துக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், அவர்கள் மொழி நன்றாகக் கதைப்பார்கள்.