அழுக்கு பிறவிக் குணம் அன்று



ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவின் புல்வெளிகளில் கிடக்கும் பொட்டலக் காகிதங்களைச் சுட்டிக்காட்டி, இது வெளிநாட்டு ஊழியரின் ஊர்ப்புத்தி என்று கூசாமல் பேசுவோர் சிங்கப்பூரில் இருக்கின்றனர்; அவர்களுள் படித்த தமிழரும் உண்டு. அவ்வாறு பேசுவோர் தம் பாட்டனாரின் சிங்கப்பூரை மறந்துவிட்டவர்கள்.

1960களில் இந்நகரின் தெருவோரக் கடைக்காரர்கள் பாத்திரம் கழுவிய நீரையும் காய்கறிக் கழிவையும் சாக்கடையில்தான் கொட்டினர். கொட்டுவதற்கு வேறு இடம் அவர்களுக்கு இல்லை. 1968 அக்டோபரில் லீ குவான் இயூ தூய்மை இயக்கத்தைத் தொடங்கிவைத்ததையும் அதை ஒட்டி வந்த அபராதங்களையும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் 1971 முதல் 1986 வரை, குழாய்நீரும் கழிவுநீர்க் குழாயும் குப்பைக் கிடங்கும் கொண்ட உணவங்காடி நிலையங்களைக் கட்டி அக்கடைக்காரர்களை அரசு குடியேற்றியதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதே மனிதர், அதே சட்டி, அதே கரண்டி. மாறியது அவர் நின்ற இடம் மட்டுமே.

வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் இருக்கும் கிராஞ்சியின் கதையும் இதுவே. நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது பெய்யும் மழை வழிந்தோடி நீர்த்தேக்கத்தைச் சேரும் நிலப்பரப்பு, இங்கே ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகள் நிறைந்ததாக இருந்தது. பண்ணைக்காரர்களின் குணத்தைத் திருத்தி யாரும் கிராஞ்சி ஆற்றைக் காத்துவிடவில்லை. 1970களின் நடுவில் பண்ணைகள் பொங்கோலுக்கு மாற்றப்பட்டன, 1975இல் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை எழுந்தது, கிராஞ்சி குடிநீருக்கு ஆதாரமாயிற்று.

விதி வேண்டாம் என்பது இங்கே வாதமன்று. உணவங்காடியில் உண்டபின் தட்டைத் திருப்பி வைக்குமாறு ஆண்டுக்கணக்கில் அன்பாக வேண்டியும் மூன்றில் ஒரு பங்கினரே இணங்கினர்; 2021 செப்டம்பரில் அது சட்டக் கடமையான சில வாரங்களிலேயே ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் எடுத்துவைக்கத் தொடங்கினர். ஆயினும் தட்டு வைக்கும் தாங்கி அருகில் இருந்ததால்தான் அந்தச் சட்டம் நியாயமானதாயிற்று. வசதி செய்து தராமல் விதிக்கப்படும் விதி வெறும் தண்டனையே ஆகும்.

இனி, ஏளனம் செய்வோர் அந்த ஊழியர் தங்கும் விடுதிக்குள் வந்து பார்க்கட்டும். பழைய அளவுகோலின்படி பதினைந்து பேருக்கு ஒரு கழிவறை போதும். ஓர் அறைக்கு இத்தனை பேர் என்ற உச்ச வரம்பும் அதில் இல்லை. விடியுமுன் லாரி வந்து நிற்க, சிமெண்ட் படிந்த சட்டையைத் துவைத்துக் காயவைக்கக் கட்டில் கம்பியைத் தவிர இடமில்லாதவரிடம் துப்புரவைப் பற்றி யார் பாடம் நடத்துவது? 2020இல் கொரோனாத் தொற்று விடுதிகளில் பரவி, அங்கு வசித்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேரைத் தொற்றியதற்குக் காரணம் அவர்களின் பழக்கமா, அவர்களை அடைத்துவைத்த அறையா?

விடையை மனிதவள அமைச்சின் புதிய அளவுகோலே தந்துவிட்டது: 2021 செப்டம்பருக்குப் பின் எழும் விடுதிகளில் ஆறு பேருக்கு ஒரு கழிவறை, ஓர் அறையில் அதிகபட்சம் பன்னிரண்டு பேர், தலைக்கு 4.2 சதுர மீட்டர் இடம். ஆனால் பழைய விடுதிகள் இந்த அளவை முழுமையாக எட்ட 2040 வரை தவணை தரப்பட்டிருக்கிறது. இன்று இருபத்தைந்து வயதில் வந்திறங்கும் இளைஞர் அதற்குள் நடுவயதைத் தொட்டு ஊர் திரும்பியிருப்பார்.

ஆகவே நம் கோரிக்கை ஒன்றே: விடுதி நடத்துவோரும் முதலாளிகளும் 2040 வரை காத்திராமல் கழிவறைகளையும் குழாய்களையும் துவைக்கும் இடங்களையும் இப்போதே கட்டித் தரட்டும், தமிழ் அமைப்புகள் அதை அமைச்சிடம் எழுத்து மூலம் வலியுறுத்தட்டும்.