சமையல்காரரும் வரட்டும், ஒரு வேளை தாபாவிலும் சாப்பிடுவோம்

(டெல்லி – அமிர்தசரஸ் சுற்றுலா தொடர்பான உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து நீங்கள் அதிகம் கேட்ட கேள்வி சாப்பாட்டைப் பற்றியதுதான். நம்மூர்ச் சமையல்காரர் ஒருவரை உடன் அழைத்துப்போவதென்று முடிவாகிவிட்டது. நல்ல முடிவு. தினமும் மூன்று வேளையும் ரொட்டி என்றால் நம்மில் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. நான் உங்களிடம் கேட்பது ஒரே ஒரு மதியச் சாப்பாடு. அன்று நம் பாத்திரங்கள் வண்டியிலேயே இருக்கட்டும். சாலையோரத்தில் ஒரு சாதாரணப் பஞ்சாபி தாபாவில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

தாபா, லாரி ஓட்டுநர்களை நம்பி வளர்ந்த கடை. கயிற்றுக் கட்டில், அதன் குறுக்கே ஒரு பலகை, பலகை மேல் தட்டு, பழைய தாபாவின் மேஜை நாற்காலி அவ்வளவுதான். சாப்பிட்ட ஓட்டுநர் அதே கட்டிலில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் போவார். டெல்லியிலிருந்து பஞ்சாப் போகும் அந்தச் சாலை இன்று தேசிய நெடுஞ்சாலை 44. அதே 44தான் தெற்கே சேலம், நாமக்கல், மதுரை வழியாக வந்து கன்னியாகுமரியில் முடிகிறது. ஆகவே அங்கே ஒரு நாமக்கல் லாரி நின்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

இந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய துயரமும் இருக்கிறது. 1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கானோர் வீடு, நிலம், கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். கையில் எதுவும் இல்லாதபோதும் சமைக்கத் தெரிந்திருந்தது. பலர் ஓர் அடுப்பை மூட்டிப் பிழைத்தார்கள். அமிர்தசரஸ் பழைய நகரத்தின் சந்துக்குள் இருக்கும் கேசர் தா தாபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1916இல் அது தொடங்கியது இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷேக்குபுராவில். பிரிவினைக்குப் பிறகுதான் அமிர்தசரஸுக்கு வந்தது. டெல்லியில் தந்தூரி உணவு பரவியதற்கும் அப்படி வந்து சேர்ந்த பஞ்சாபிகளே முக்கியக் காரணம்.

தந்தூர் என்பது மண்ணால் செய்த குழி அடுப்பு. அடியில் கரி கனன்றுகொண்டிருக்கும். மாவைக் கையிலேயே தட்டி, அடுப்பின் உள்சுவரில் அறைந்து ஒட்டுவார்கள். ஓரிரு நிமிடத்தில் ரொட்டி உப்பிச் சிவந்துவிடும், நீண்ட கம்பியால் எடுத்துப் போடுவார்கள். பஞ்சாப் கிராமங்களில் இதைப் பொது அடுப்பாகவும் வைத்திருந்தார்கள். பல வீட்டுப் பெண்கள் பிசைந்த மாவைக் கொண்டுவந்து, பேசிக்கொண்டே சுட்டு எடுத்துப் போவார்கள்.

அடுத்தது தால். நாம் இட்லிக்கு அரைக்கும் அதே உளுந்துதான், தோலோடு முழுசாக. ஊறவைத்து, மெல்லிய தணலில் பல மணி நேரம் வேகவிடுவார்கள். பல இடங்களில் இரவு முழுக்க அடுப்பிலேயே இருக்கும். பருப்பு கரைந்து தானாகவே குழைந்துவிடும். கடைசியில் வெண்ணெய். இதை அவசரப்படுத்த வழியே இல்லை. கடையில் சுவருக்கு வண்ணம் பூசாமல் இருக்கலாம், தட்டு நசுங்கியிருக்கலாம். ஆனால் அந்த அண்டாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இரவெல்லாம் விழித்திருக்கிறார். நாம் காசு கொடுப்பது அதற்குத்தான்.

“சுத்தமாக இருக்குமா?” என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கூட்டம் ஓயாத, நாலைந்து பண்டம் மட்டுமே செய்கிற கடையாகப் பார்த்துப் போவோம். அங்கே எதுவும் தேங்காது. கொதிக்கும் தாலுக்கும், அடுப்பிலிருந்து நேராக வரும் ரொட்டிக்கும் பயப்பட வேண்டியதில்லை. நறுக்கி வைத்த வெங்காயம், சட்னி, ஐஸ் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மூடி திறக்காத பாட்டில் தண்ணீர் குடியுங்கள். கொழுப்பு கூடாதவர்கள் “மக்கன் நஹி” என்றால் வெண்ணெய் போடமாட்டார்கள். சர்க்கரை உள்ளவர்கள் உப்பு லஸ்ஸி கேளுங்கள், ஐஸ் இல்லாமல். காரம் ஆகாதவர்கள் “மிர்ச்சி கம்” என்று சொல்லுங்கள். ரொட்டியை ஒவ்வொன்றாகச் சுடச்சுட வாங்குங்கள், மொத்தமாக வாங்கினால் ஆறி இறுகிவிடும். தால் வயிற்றில் கனமாக உட்காரும், அதனால்தான் மதியம் என்றேன்.

டெல்லியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் முர்த்தல் வரும். வெண்ணெய் வைத்த பராட்டாவுக்குப் பெயர்போன ஊர், பெரும்பாலும் சைவக் கடைகள். அவற்றில் சில இன்று குளிர்சாதன மாளிகைகளாகிவிட்டன. அங்கேயும் சாப்பிடலாம், தவறில்லை. ஆனால் லாரிகள் நிற்கும் சின்னக் கடைதான் என் விருப்பம். நாம் ஒரு பேருந்து நிறைய இறங்கினால் சின்னக் கடை திணறிப்போகும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டு பந்தியாக உட்காருவோம். பரிமாறும் பையனை அதட்ட வேண்டாம். “பாஜி” என்று கூப்பிடுங்கள். பஞ்சாபியில் அண்ணன் என்று பொருள், நம் பஜ்ஜி இல்லை! சாம்பார் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நம் குடியிருப்பிலேயே வட மாநிலக் குடும்பங்கள் சில இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நம் வீட்டில் இட்லி, தோசை சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அவர்கள் வீட்டுத் தட்டில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவர் ஊருக்குப் போய், கோயிலையும் கோட்டையையும் பார்த்துவிட்டு, அவர் அடுப்பை மட்டும் பார்க்காமல் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

சுற்றுலாப் பட்டியலில் “ஒரு வேளை தாபா” என்று ஒரு கட்டம் சேர்க்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். விருப்பம் உள்ளவர்கள் அதில் டிக் செய்யுங்கள். விருப்பம் இல்லாதவர்களுக்கு அன்றும் தயிர்சாதம் உண்டு.